பள்ளிக்கூடத்துக்கு யார் தாய்மாமன்?

3 மார்ச் 2025, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளில் பள்ளிக்கூட மதிலுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார்கள். என் வேன் நின்ற இடத்தைத் தவிர. காலையில் வண்டியை எடுத்த பிறகுதான் தெரிந்தது. இந்தப் பக்கம் பளபளவென்று மஞ்சள், அந்தப் பக்கம் மஞ்சள், நடுவில் ஒரு வேன் நீளத்துக்குப் பழைய பாசி. தெரு மொத்தமும் நின்று சிரித்தது. "ஹாரன் அடிச்சு அடிச்சுக் கூப்பிட்டோம்ணே, நீங்க எந்திரிச்சு வரல" என்கிறான் பெயிண்டர். ஹாரன் கேட்டது. யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று புரண்டு படுத்துக்கொண்டேன்.

தஞ்சாவூரில் எத்தனையோ தெரு இருக்க, எங்கள் வாய்க்கால் தெரு முனையில் இருக்கும் மாநகராட்சி நடுநிலைப்பள்ளிக்கு யோகம் அடித்திருக்கிறது. மழைக்கு ஒழுகிய ஓட்டுக் கட்டடம் போய், டைல்ஸ் தரை, தண்ணீர் வரும் கழிப்பறை, தொட்டால் படம் காட்டும் போர்டு, லேப் எல்லாம் வந்துவிட்டது. நல்லது. எனக்கென்ன? என் வண்டியில் ஏறும் பிள்ளைகள் எல்லாம் பைபாஸ் பக்கத்து இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறவை. வாய்க்கால் தெருவும் அதை வந்து முட்டும் தைக்கால் தெருவும் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கும்வரை இந்தச் சேரனுக்குப் பிழைப்பு உண்டு.

8 மார்ச், சனி

மகளிர் குழு சார்பில் என் மனைவி பூவிழி பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறாள். அங்கே கூட்டம் முடிந்து வந்தால் வீட்டில் எனக்கு இரண்டாவது கூட்டம். இன்றைய செய்தி: கட்டடம் வந்துவிட்டது, பிள்ளைகள் வரவில்லை. இந்த ஜூனிலும் ஆறாவதுக்கு ஆள் சேராவிட்டால் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் வேறொரு பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். தலைமையாசிரியை தங்கமணி டீச்சர் கூட்டத்திலேயே கண் கலங்கிவிட்டாராம்.

"நம்ம எழிலை ஆறாவதுல இங்க சேத்துடுவோமாங்க?"

டீ புரையேறிவிட்டது. எழில்மொழி எங்களுக்கு ஒரே மகள். ஐந்தாவது படிக்கிறாள், என் வண்டியில்தான் போகிறாள், முன்சீட்டில். வண்டிக்காரன் பிள்ளையே நடந்து போனால் மற்றவர்கள் எதற்கு என் வண்டியில் ஏற வேண்டும்? கேட்டேன். "அதானே" என்றாள் பூவிழி. அவள் "அதானே" என்று சொன்னால் விட்டுவிட்டாள் என்று அர்த்தமில்லை.

16 மார்ச், ஞாயிறு

விடவில்லை. டீச்சரும் இவளும் சேர்ந்து கல்விச் சீர் நடத்தப்போகிறார்கள். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது போலவே, பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமான்களைத் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு, மேளதாளத்தோடு தெரு ஜனம் ஊர்வலமாகப் போய்க் கொடுப்பது. திருவிடைமருதூர்ப் பக்கம், பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் செய்கிறார்கள். சீர் கொடுத்த வீட்டுக்கு அந்தப் பள்ளியின் மேல் ஒரு ஒட்டுதல் வரும், ஒட்டுதல் வந்தால் பிள்ளையும் வரும் என்பது டீச்சர் கணக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்கால் தெருவும் தைக்கால் தெருவும் சேர்ந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்குப் பெரியவர் இராஜாங்கம் சித்தப்பா, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் வீட்டுக்கு எதிர்த்தாற்போலத் தெரு முனையில் ஜெக்கரியா பாய் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார், தைக்கால் தெருவுக்கு அவர்தான் பெரியவர். சாக்கடை மூடியை யார் போடுவது என்று ஆரம்பித்த தகராறில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எதிரெதிர் வாசல். ஒருவர் வெளியே வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார், பொம்மைக் கடிகாரம் மாதிரி.

அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்: "ஒரு வம்பும் இல்லாம உங்க சீர் நடந்து முடியட்டும். நானே எழிலைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சேக்குறேன்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"எழிலு, கேட்டுக்கிட்டியா?" என்றாள் உள்ளே பார்த்து. "கேட்டுட்டேம்மா" என்று பதில் வந்தது. இவள் எப்போது கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்?

20 மார்ச், வியாழன்

ஒரு யோசனை வந்திருக்கிறது. கெட்ட யோசனைதான். ஆனால் ரொம்ப நல்ல கெட்ட யோசனை.

22 மார்ச், சனி

நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாய் கடைக்குப் போனேன். எழிலுக்கு ஹேர்பேண்ட் வாங்குகிற சாக்கு. பேச்சோடு பேச்சாக, "சீருன்னா தாய்மாமன் சீருதானே பாய் முன்னால போவணும்? இந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரு தாய்மாமன்?" என்றேன்.

பாய் பில் போடுவதை நிறுத்திவிட்டார். "இதுல என்ன தம்பி சந்தேகம்? அந்த எடமே எங்க பாட்டனாரு இனாமாக் குடுத்தது. நாங்கதான்."

அங்கிருந்து நேராக எதிர்வீடு. அதே கேள்வி. சித்தப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவவில்லை. "எடம் குடுத்தா? மொதக் கட்டடம் கட்டுறப்ப மண்ணும் கல்லும் சுமந்தது யாருடா? எங்கப்பன், உங்க தாத்தன், இந்தத் தெரு ஜனம். தோள்ல தூக்கிச் சுமந்தவன்தான் தாய்மாமன்."

இரண்டும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் அழகு. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கேள்வி மட்டும்தான் கேட்டேன். பாய் வீட்டு நோன்புக்கஞ்சி ஒரு தூக்குவாளி கிடைத்தது. நன்றாக இருந்தது.

31 மார்ச், திங்கள்

ரம்ஜான். வழக்கம்போல பாய் மனைவி ஹலீமாக்கா எல்லா வீட்டுக்கும் பிரியாணி அனுப்பினார். வழக்கம்போல சித்தப்பா வீட்டுக்கும் போனது, பாய்க்குத் தெரியாமல்தான் இத்தனை வருடமும் போகும். இந்த முறை பாயே பேத்தி பர்வினிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பர்வின் எழிலோடு படிக்கிறவள், சொன்னதை ஒரு எழுத்து குறையாமல் சொல்லும் பிள்ளை. வாளியை நீட்டி, "தாய்மாமன் வீட்லேர்ந்து குடுத்தாங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாளாம்.

சித்தப்பா பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தார். அப்புறம்தான் கோபப்பட்டார்.

6 ஏப்ரல், ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் சீர்க் கூட்டம். புது ஹாலில் ஏசி மட்டும்தான் இல்லை. நான் சௌகரியமாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன்.

எதிர்பார்த்தபடியே நடந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேச மாட்டார்களே, எல்லாம் டீச்சர் வழியாகத்தான். "டீச்சர், எடம் குடுத்தவங்களுக்கு மரியாத இல்லையான்னு அவருகிட்ட கேளுங்க." "டீச்சர், எடத்தக் குடுத்துட்டு அதுல ஒரு கூட மண்ணு சுமந்துருப்பாங்களான்னு அவருகிட்ட கேளுங்க." டீச்சர் பாவம், டென்னிஸ் பார்க்கிறவர் மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பூவிழி முகம் வாடிவிட்டது. நான் மனதுக்குள் எழிலுக்கு ஆறாவது வகுப்பு பை வாங்கிக்கொண்டிருந்தேன், இங்கிலீஷ் மீடியத்துக்கு.

அப்போது ஹலீமாக்கா பின்னாலிருந்து சொன்னார்: "ஏன், ஒரு தாய்க்கு ரெண்டு அண்ணன் இருக்கக்கூடாதா? எனக்கே ரெண்டு பேரு இருக்காங்க. ரெண்டு பேருந்தான் வந்து நின்னாங்க எங்க வீட்டு விசேஷத்துக்கு."

யாரோ கை தட்டினார்கள். பூவிழிதான். இரண்டு மாமனும் தோளோடு தோளாக ஒரே வரிசையில் முன்னால் போவது என்று முடிவாகிவிட்டது. இரண்டு பேரும் டீச்சரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

நான் விட்டேனா? எழுந்து நின்று பணிவாகக் கேட்டேன்: "ரெண்டு பேரு சேந்து வர்ற அளவுக்குத் தெருவுல எடம் எங்க இருக்கு?"

உண்மைதான். இந்தப் பக்கம் பாய் கடைத் தகரக் கூரையும் படிக்கட்டும் தெருவுக்குள் வந்து நிற்கின்றன. அந்தப் பக்கம் சித்தப்பாவின் மாட்டுக் கொட்டகை. நடுவில் ஒரு ஆட்டோ போனால் எதிரே சைக்கிள் வர முடியாது. மாநகராட்சி எத்தனை முறை நோட்டீஸ் ஒட்டியும் ஒரு அங்குலம் நகராத கூரையும் கொட்டகையும். கூட்டம் அப்படியே கலைந்தது. ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். பூவிழி ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

12 ஏப்ரல், சனி

கூரை நகர்ந்தால் கொட்டகை நகருமாம். கொட்டகை நகர்ந்தால் கூரை நகருமாம். இரண்டும் நகரவில்லை. நிம்மதி.

15 ஏப்ரல், செவ்வாய்

நகர்ந்துவிட்டது.

காலையில் டமடமவென்று சத்தம். ஓடிப் பார்த்தால் பாய் ஸ்டூலில் ஏறி நின்று தன் கடைத் தகரத்தைத் தானே பிரித்துக்கொண்டிருக்கிறார். "ஒரு தகரத்துக்காக மாமன் ஒதுங்கி நடந்தான்னு பேச்சு வரக்கூடாது தம்பி" என்றார். சித்தப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்ட கையோடு கடப்பாறையை எடுத்துவிட்டார். கொட்டகையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, பாய் விட்டதைவிட ஒரு முழம் கூடுதலாக உள்ளே தள்ளினார். அதைப் பார்த்துவிட்டுப் பாய் சாயந்தரம் கடைப் படிக்கட்டையும் இடித்துவிட்டார்.

மாடு மட்டும் பழைய இடத்திலேயே வந்து நின்று, கூரையைத் தேடிக்கொண்டிருந்தது. அதன் நிலைமைதான் எனக்கும்.

21 ஏப்ரல், திங்கள்

இது எங்கே போய் நிற்கும்? இவர்கள் எடுத்தால் அவர்கள் எடுக்கிறார்கள். தைக்கால் தெருப் பையன்கள் பள்ளி முனையில் இருந்த குப்பை மேட்டை அள்ளிவிட்டார்கள், மாமன் சீர் குப்பையைத் தாண்டியா போகும் என்று. நம் தெரு ஆட்கள் அந்த இடத்தில் புங்கங்கன்று நட்டு வலை கட்டிவிட்டார்கள். சாக்கடை வாய்க்காலை முழுக்கத் தூர்வாரி, இத்தனை வருடத் தகராறுக்குக் காரணமான மூடியை இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றாக வாங்கி வந்துவிட்டார்கள். ஒன்றுதான் பொருந்தும். மற்றதை என்ன செய்வது என்று புதுத் தகராறு ஆரம்பிக்கும் என்று ஆசையாக இருந்தேன். பக்கத்துச் சந்தில் திறந்து கிடந்த குழிக்குப் போட்டுவிட்டார்கள்.

தெரு இவ்வளவு அகலம் என்று எனக்கே தெரியாது. இந்தத் தெருவில் பிறந்தவன் நான்.

27 ஏப்ரல், ஞாயிறு

இப்போது தெருவில் மிச்சம் இருந்த ஒரே ஆக்கிரமிப்பு என் வேன்.

பாய் கடை வாசலில் நின்று வேனைப் பார்த்தார். எதிர்வாசலில் நின்று சித்தப்பாவும் பார்த்தார். முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். பூவிழி கோலம் போட்டபடி, "கேள்வி கேக்குறவங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று தரையிடம் கேட்டாள்.

வண்டியைப் பெட்ரோல் பங்க் பக்கத்துக் காலி மனைக்குக் கொண்டுபோய்விட்டேன். நான் திரும்பி வருவதற்குள் மதிலில் பாசி இருந்த இடம் மஞ்சளாகிவிட்டது. எங்கிருந்துதான் அந்தப் பெயிண்டரைப் பிடித்தார்களோ.

29 ஏப்ரல், செவ்வாய்

இப்போதெல்லாம் பங்க் வரை நடக்க வேண்டியிருக்கிறது. எழிலும் கூட வருகிறாள். நடக்கும்போது வண்டியைவிட அதிகமாகப் பேசுகிறாள். போன சனிக்கிழமை தங்கமணி டீச்சர் இவளையும் பர்வினையும் லேபுக்குள் கூட்டிப்போயிருக்கிறார். "வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தோம்ப்பா. செங்கல் அடுக்குன மாதிரி இருக்கு. எங்க ஸ்கூல்ல அந்த ரூமைப் பூட்டியே வச்சிருக்காங்க."

"ம்" என்றேன்.

"அம்மா ஜெயிச்சிடுவாங்களாப்பா?"

"ஒனக்கு யாரு ஜெயிக்கணும்?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் பதில் என்று எனக்குத் தெரியாதா?

பூவிழியிடம் பிழைப்பு, பிழைப்பு என்று சொல்கிறேன். அது பாதிதான். காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியோவைத் திருகி, எதிரே வரும் பஸ் எல்லாவற்றுக்கும் ஊர்ப்பேர் படித்துக்கொண்டு வருவாளே, அது போய்விடும். இதை யாரிடம் சொல்வது. ஏன்டா, பெத்த பிள்ளைய நாலு வீடு தள்ளி அனுப்புறதுக்கா இவ்ளோ அழுகைன்னு கேப்பாங்க. ஆமா, அழுகையாத்தான் வருது. போங்க.

11 மே, ஞாயிறு

கத்தரி வெயில். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு வேலை செய்தேன்.

டீச்சர் என்னென்ன வேண்டும் என்று சொல்லியிருந்தார்: கதைப் புத்தகம், உட்காரக் கோரைப்பாய், கேரம் போர்டு, தண்ணீர் ஃபில்டர், ஒரு சுவர்க்கடிகாரம். கடிகாரம் ஒன்று. நான் நம் தெருவில், "தைக்கால் தெருவுல பெரிய கடியாரமா வாங்குறாங்களாம்" என்றேன். தைக்கால் தெருவில், "வாய்க்கால் தெருவுல அதவிடப் பெரிசாம்" என்றேன். கல்யாணத்துக்கு என்ன வாங்குவது என்று தெரியாதவன் கடிகாரம்தான் வாங்குவான், நம் ஜனத்துக்கு அதில் பழக்கம் உண்டு. ஒருத்தர் கடிகாரத்துக்கு ஆணி அடித்தால் இன்னொருத்தருக்கு மனத்தாங்கல் வரும். எனக்கு அது போதும்.

25 மே, ஞாயிறு



காலை பத்து மணிக்குச் சீர் புறப்பட்டது. நாதஸ்வரம், தவில் எங்கள் தெரு ஏற்பாடு. தைக்கால் தெருவிலிருந்து தப்ஸ் அடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். இரண்டும் முதலில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு, பிறகு எப்படியோ ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. முன்னால் வெள்ளை வேட்டியில் சித்தப்பா, வெள்ளைக் கைலியில் பாய், தோளோடு தோள், முகம் மட்டும் ஆளுக்கொரு பக்கம். இரண்டு பேர் தலைக்கும் பட்டுத் துண்டில் பரிவட்டம். பின்னால் பெண்கள், பழத்தட்டு, பூத்தட்டு, புத்தகத்தட்டு. அதற்குப் பின்னால் கடிகாரம். கடிகாரம். கடிகாரம். தெருமுனை வரைக்கும் கடிகாரம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டிக்கொண்டு வந்தது. ஒன்று பாதி வழியில் குயில் மாதிரி கூவியது. நல்ல காரியம் என்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தோம். பூவிழி என் கையிலும் ஒரு தட்டைத் திணித்து, "பேசாம பின்னால வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வம்பு வரவில்லை. அகலமான தெருவில் வம்புக்கு என்ன வேலை? நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் வாசல் வந்தது. புது கேட்டில் இரண்டு கதவு. ஒன்றுதான் திறந்திருந்தது. மற்றதைத் திறக்கப் போனால் வரவில்லை, தாழ்ப்பாளையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்து ஒட்டிவிட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் ஒரு கதவு போதுமாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. திறந்த கதவில் ஒரு ஆள்தான் போக முடியும்.

சித்தப்பா நின்றார். பாயும் நின்றார். இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை, ஒருவரும் வழி விடவும் இல்லை. மேளம் தானாக நின்றது. தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டினார்கள், அசையவில்லை. பின்னால் யாரோ, "எடம் குடுத்தவங்க மொதல்ல போவட்டுமே" என்றார்கள். இன்னொரு பக்கமிருந்து, "ஏன், சுமந்தவங்க என்ன தள்ளியா நிக்கணும்?" என்று பதில் வந்தது. குரல் ஏறியது. தங்கமணி டீச்சர் உள்ளே ஆரத்தித் தட்டோடு நிற்கிறார், அவர் உதடு துடிக்கிறது. நான் விதைத்தது முளைத்துவிட்டது. இன்னும் ரெண்டு நிமிடம் நான் சும்மா நின்றால் போதும், எழில் என் வண்டியில்தான்.

எழிலும் பர்வினும் சர்க்கரைத் தட்டு வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். எழில் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டம். எல்லாம் தெரிந்த மாதிரி பார்த்தாள்.

சிமென்ட் தரை கொதித்தது. கால் சுட்டது. நான் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க, கால் வேகுது" என்று இரண்டு மாமனுக்கும் நடுவில் நுழைந்து, கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

சித்தப்பா கத்தினார்: "அடேய், மாமன் ரெண்டு பேரு நிக்கிறோம், வண்டிக்காரப் பய மொதல்ல உள்ள போறான் பாருங்க பாய்!"

"மரியாத தெரியாத பயலா இருக்கானே இராஜாங்கம், புடிங்க அவன!" என்றார் பாய்.

இரண்டு பேரும் என்னைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்தார்கள். யார் முதலில் கேட்டைத் தாண்டினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. பின்னால் ஜனம், தட்டு, தவில், தப்ஸ் எல்லாம் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டது. டீச்சர் கைக்குக் கிடைத்தவருக்கெல்லாம் ஆரத்தி எடுத்தார். எனக்குத்தான் முதல் ஆரத்தி. திட்டும் எனக்குத்தான். கொடிக்கம்பத்தடியில் என்னை நிற்க வைத்து இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொடுத்தார். பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள்.

ஏன் போனேன்? கால் சுட்டது. இந்த டைரியில் யார் பார்க்கப்போகிறார்கள், பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. கால் சுட்டது உண்மைதான்.

சாயந்தரம் பூவிழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏதாச்சும் வம்பு நடந்துச்சாங்க?"

"நடந்துச்சு. என்னை அந்தத் திட்டு திட்டுனாங்களே."

"அது வம்புல சேராது. அத எல்லாருந்தான் செய்யிறோம்" என்று சொல்லி, என் காலை எடுத்து மடியில் வைத்து எண்ணெய் தடவினாள்.

2 ஜூன், திங்கள்

சத்தியத்தைக் காப்பாற்றினேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கேட் வரைக்கும்தான், அதற்கப்புறம் கையை விடுவித்துக்கொண்டு பர்வினைத் தேடி ஓடிவிட்டாள். பர்வினையும் பாய் இங்கேயே சேர்த்துவிட்டார், மாமன் வீட்டுப் பிள்ளை வெளியே படித்தால் நன்றாக இருக்குமா என்று. சித்தப்பா வீட்டுப் பேரன்களும் இங்கேதான். ஆறாவது அறையில் பெஞ்சு நிரம்பியிருக்கிறது. டீச்சர் அழுதார், இந்த முறை வேறு அழுகை. அறைக்கு மூன்று கடிகாரம் மாட்டியும் மிச்சம் இருக்கிறதாம். மணி அடிக்கிறவர் எதைப் பார்த்து அடிப்பது என்று தெரியாமல் தன் செல்போனைப் பார்த்து அடித்தார்.

பங்குக்குத் தனியாக நடந்து போனேன். ரேடியோ போடவில்லை.

11 ஜூன், புதன்

வண்டி பாதிகூட நிரம்பவில்லை. போன வருடம் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து போன வண்டி. அவனவன் பிள்ளைய நடத்திக் கூட்டிட்டுப் போய் ஜாலியா விடுறான். எனக்கு டீசல் யாரு போடுவா? எல்லாம் நான் கேட்ட கேள்வியால வந்தது. வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். வண்டிய வித்துடலாமான்னுகூட நெனப்பு வந்துச்சு.

பூவிழியிடம் எரிந்து விழுந்தேன். தோற்றவன் கத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்போல.

18 ஜூன், புதன்

தங்கமணி டீச்சர் வழியில் நிறுத்தினார். பைபாஸ் பக்கம் புதிதாகக் குடிவந்த வீடுகளிலிருந்து சிலர் நம் பள்ளிக்கூடத்தை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். பிடித்திருக்கிறதாம், தூரம்தான் யோசனையாம். "நீங்க அங்க பிள்ளைங்கள விட்டுட்டுத் திரும்ப வரும்போது வண்டி காலியாத்தானே சார் வருது?"

என்னைச் சார் என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். காலியாக வருகிற வண்டியில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் உடனே சரி என்று சொன்னால் மரியாதை இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

30 ஜூன், திங்கள்

இன்று திரும்பும் சவாரியில் ஒரு புதிய வீடு. பாபநாசத்திலிருந்து வந்து குடியேறியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை இரண்டாம் வகுப்பாம், அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றது. அந்த அம்மாவுக்கும் மனசில்லை. பள்ளிக்கூடத்தை நேரில் பார்த்தவர்தான், சேர்த்தும் விட்டார், இருந்தாலும் கால் வரவில்லை. டாய்லெட் சுத்தமா இருக்குமா, டீச்சர் அடிப்பாங்களா, தெரு எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேரம் ஆகிறது. மற்ற பிள்ளைகள் வண்டிக்குள் சத்தம் போடுகிறார்கள். நானும் எல்லாவற்றுக்கும் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காண்ணே? எங்க படிக்கிறாங்க?" என்றார்.

"ஒரே பொண்ணும்மா. இதே பள்ளிக்கூடந்தான், ஆறாவது."

அந்த அம்மா முதலில் பையை என்னிடம் நீட்டினார், பிறகு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார்.